இன்யோ கவுண்டி: வரப்போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைக்கு அந்தப் பக்கம், கிழக்கே இருக்கிறது இன்யோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). பரப்பில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 19,016. இதில் நகரம் என்று பதிவான ஒரே ஊர் பிஷப். நான் பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் இந்த முறை சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, டிசம்பர் லீவுக்கு சான் ஹோசேயிலிருந்து குழந்தைகளோடு வருகிறோம். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள்ளேயே புகுந்து வந்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.

உங்கள் நண்பர் ஜூலையில் வந்திருப்பார். யோசெமிட்டியிலிருந்து இந்தப் பக்கம் இறங்கும் டியோகா கணவாய் கிட்டத்தட்ட 10,000 அடி உயரம். பனி விழுந்ததும் மூடினால் மே கடைசி, சில வருடம் ஜூன் வரைக்கும் திறக்காது. தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு போய், டெஹாச்சபி தாண்டி 395 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஏறி வாருங்கள். சுற்றுதான். ஆனாலும் குழந்தைகளை வைத்துக்கொண்டு பனியில் டயருக்குச் சங்கிலி மாட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: மவுண்ட் விட்னி ஏற ஆசை. ஜிம்முக்குப் போகிறேன், மாரத்தான் ஓடியிருக்கிறேன். போதுமா?

காலுக்குப் போதும். மூச்சுக்குப் போதாது. உச்சி 14,505 அடி. போக வர 22 மைல், ஏற்றம் மட்டும் 6,000 அடிக்கு மேல். கடற்கரை ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு காரில் வந்து, சனிக்கிழமை விடியற்காலை ஏறுகிறவர்கள்தான் தலைவலியும் வாந்தியுமாகப் பாதியில் திரும்புகிறார்கள். இரண்டு இரவு மேலே எங்காவது தங்கி உடம்பைப் பழக்குங்கள்.

அதற்கு முன்னால் அனுமதிச் சீட்டு வேண்டும். மே முதல் அக்டோபர் வரை ஒரு நாளைக்கு, அன்றே ஏறி இறங்குகிறவர்கள் 100 பேர், தங்கி ஏறுகிறவர்கள் 60 பேர். பிப்ரவரியில் நடக்கும் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை: வழியில் கக்கூஸ் கிடையாது. பை கொடுப்பார்கள், உங்களுடையதை நீங்களே கீழே சுமந்துவர வேண்டும். முதல் தடவை எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது.

கேள்வி: ரிமோட் வேலை. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் காலியிடம்தானே, ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன?

வாங்கலாம், விற்க ஆள் இருந்தால். கவுண்டியில் தனியார் நிலம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பெரும்பகுதி மத்திய அரசின் காடும் தேசியப் பூங்காவும். ஊர்கள் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் தண்ணீர் உள்ள நல்ல நிலமெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம். 250 மைல் தள்ளியிருக்கும் ஊருக்கு இங்கே என்ன நிலம் என்கிறீர்களா?

1905 வாக்கில் அந்த ஊர் ஆட்கள் வந்து, யாருக்காக என்று சொல்லாமலே நிலத்தையும் நீர் உரிமையையும் வாங்கினார்கள். 1913-ல் 233 மைல் கால்வாய் திறந்தது. ஒரு மோட்டார்கூட இல்லை. மலைத் தண்ணீர் சரிவிலேயே நகரம் வரை போகிறது. முன்பு அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி 1920-களிலேயே வற்றிவிட்டது. அதன் உப்புத் தூசியை அடக்க லாஸ் ஏஞ்சலஸ் இன்றுவரை செலவழித்துக்கொண்டிருக்கிறது. 1924 நவம்பரில் இங்குள்ள விவசாயிகள் மதகைப் பிடித்து, நாலு நாள் தண்ணீரைப் பழைய ஆற்றிலேயே திருப்பிவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டார்களாம். பிறகு கால்வாய்க்கு வெடியும் வைத்தார்கள். 1927-ல் போராட்டத்தின் முதுகெலும்பாக இருந்த வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் மூடின. கையாடலுக்காக அண்ணன் தம்பி இருவரும் சிறைக்குப் போனார்கள். அத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது.

இவர்களுக்கும் முன்னால் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்கள். அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கை 'பாயஹூனாடு' என்பார்கள், தண்ணீர் ஓடும் நாடு என்று அர்த்தம். நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரன். வீராணம் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போவதைப் பார்த்தவனுக்கு இந்தக் கதை புரிய அதிக நேரம் ஆகவில்லை.

நகரம் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் இங்கே அடுக்குமாடி முளைக்கவில்லை, நீங்கள் வந்து படம் எடுக்கிற வெட்டவெளி மிஞ்சியது. அதே காரணத்தால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வாடகை வீடுகூடச் சிக்குவதில்லை. உங்கள் சம்பளத்தோடு நீங்களும் வந்தால் இன்னும் சிரமம்தான். கோபப்படாதீர்கள், கேட்டதால் சொன்னேன்.

கேள்வி: அப்படியானால் அங்குள்ளவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

அரசு வேலை, பள்ளி, மருத்துவமனை, அப்புறம் நீங்கள். விடுதி, பெட்ரோல் பங்க், தூண்டில் கடை எல்லாம் வந்துபோகிறவர்களை நம்பித்தான். மாடு வளர்க்கிறவர்கள் பலர் லாஸ் ஏஞ்சலஸின் நிலத்தையே குத்தகைக்கு எடுத்து மேய்க்கிறார்கள். மலைமேல் சாமான் ஏற்ற இன்னும் கோவேறு கழுதைதான். மே கடைசியில் பிஷப்பில் அதற்கென்று திருவிழாவே நடக்கும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை டிரவுட் மீன் பருவம் தொடங்கினால் ஊரே நிரம்பிவிடும். அந்த மீனில் பாதி பண்ணையில் வளர்ந்து லாரியில் வந்து இறங்கியது என்பது தூண்டில்காரர்களுக்கும் தெரியும். மலை உச்சி ஏரிகளில் ஆதியில் மீனே கிடையாது. கொண்டுபோய் விட்ட மீன்கள் அங்கிருந்த தவளைகளைத் தின்று தீர்த்தன. இப்போது சில ஏரிகளில் மீனைப் பிடித்து அகற்றுகிறார்கள்.

கேள்வி: அரிசி பருப்பு?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகும்போது மூட்டையாக. தண்ணீர் அங்கே போகிறது, சோறு அங்கிருந்து வருகிறது.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி. ஏறாமல் பார்க்க ஏதாவது இருக்கிறதா சார்?

தாராளமாக. லோன் பைன் ஊருக்குப் பின்னால் அலபாமா குன்றுகள், காரிலேயே சுற்றலாம். 1939-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக இந்தியாவின் வடமேற்கு எல்லையை இங்கேதான் காட்டினார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார். பக்கத்திலேயே மன்ஸனார். 1942 முதல் 1945 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கோடையானால் பிரிஸ்டில்கோன் பைன் காட்டுக்கும் தார் ரோடு உண்டு. 4,800 வயது தாண்டிய மரம் ஒன்று அங்கே நிற்கிறது. எது என்று சொல்லமாட்டார்கள், பலகையும் கிடையாது. அந்த இடமே 10,000 அடி என்பதால் அம்மா மெதுவாக நடக்கட்டும், ஸ்வெட்டர் இருக்கட்டும். டெத் வேலியைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. வேலூர் வெயில் பழகியவர்கள் என்ற தைரியம் அங்கே எடுபடாது.