வர்த்தக லாபத்தில் விமானம் வாங்கலாமா?

கேள்வி: நான் பங்குச் சந்தையில் முழுநேரத் தினசரி வர்த்தகர். சென்ற ஆண்டு தனியார் விமானி உரிமம் பெற்றேன். சந்தை மந்தமாக இருக்கும் நேரங்களில் வர்த்தக நண்பர்களுடன் பேச்சு விமானத்தின் பக்கமே போகிறது. என்னோடு சேர்த்து நான்கு பேர், செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்றைக் கூட்டாக வாங்கலாம் என்று யோசிக்கிறோம். என்ஜின் 1,700 மணி நேரம் ஓடியிருக்கிறது, விலை மலிவு. விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உள்ள சிரஸ் வகைச் சிறு விமானம்தான் பாதுகாப்பு என்கிறார் ஒருவர். எப்படியும் சாலையைவிட வானம் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். இந்த ஆண்டு லாபத்திலிருந்து விமானத்துக்கான என் பங்குப் பணத்தை எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். பறப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வாடகை விமானத்தில் பறந்துகொண்டிருங்கள்; அதற்கும் முன் முடிக்க வேண்டிய ஒரு வேலையைக் கடைசியில் சொல்கிறேன். உரிமையாளர் ஆவதை மட்டும் தள்ளிவையுங்கள்.

விமானத்தின் செலவு மாதாமாதம் வரும். உங்கள் வருமானம் அப்படி வராது. நிறுத்துமிட வாடகை, காப்பீடு, ஆண்டுச் சோதனை ஆகியவை நீங்கள் ஒரு மணி நேரம்கூடப் பறக்காத ஆண்டிலும் உண்டு. தொடர்ந்து மூன்று மாதம் நஷ்டம் என்றால் எதை வெட்டுவீர்கள்? வாடகையை வெட்ட முடியாது. பயிற்றுநருடன் பறக்கும் மணிகளையும், 'இப்போதைக்கு ஓடுகிறதே' என்று தோன்றும் சிறு பழுதுகளையும்தான் வெட்ட முடியும். சந்தையில் பட்ட நஷ்டம் இப்படித்தான் விமானத்தின் பாதுகாப்பைப் பதம் பார்க்கிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

உங்கள் கூட்டில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. நால்வரும் ஒரே சந்தையை நம்பி வாழ்பவர்கள். மோசமான காலாண்டு வந்தால் நால்வரின் கையும் ஒரே நேரத்தில் காலியாகும். கூட்டாகச் சேர்வதே ஒருவர் தடுமாறும்போது மற்றவர் தாங்குவதற்காக அல்லவா? சம்பளக்காரர் ஒருவரோ, ஓய்வூதியம் பெறும் விமானி ஒருவரோ கூட்டில் இருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை தினசரி வர்த்தகத்தில் இறங்கியவர்களை ஆராய்ந்தபோது, 300 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களிலும் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருந்தார்கள். நீங்கள் மீதி 3 சதவீதத்தில் இருக்கலாம். நால்வருமே அதில் இருப்பீர்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி அந்த மலிவு விலை. லைகமிங் நிறுவனத்தின் என்ஜின் என்றால் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் (என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) இடைவெளி பொதுவாக 2,000 மணி அல்லது 12 ஆண்டு. மிச்சம் 300 மணி. ஆளுக்கு ஆண்டுக்கு 50 மணி பறந்தால் நால்வருக்கும் சேர்த்து 200. ஒன்றரை ஆண்டில் என்ஜினைக் கழற்ற வேண்டியிருக்கும். 1968-க்கு முன் வந்த 172 என்றால் அதில் கான்டினென்டல் என்ஜின் இருக்கும். அதற்கு 1,800 மணிதான், உங்களுக்கு மிச்சம் ஆறு மாதம். 12 ஆண்டுக் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்பதைப் பதிவேட்டில் பாருங்கள். பழைய விமானத்தின் விலையில் கணிசமான பகுதியை ஓவர்ஹால் விழுங்கிவிடும்; விற்பவர் விலையைக் குறைத்ததன் காரணமும் அதுவே. சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் விமானங்களுக்கு இந்த வரம்பை எல்லா நாடுகளும் கட்டாயமாக்கவில்லை. பணம் இல்லாதபோது 'இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்' என்ற ஆசை அங்கேதான் நுழையும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சுக்கு வருகிறேன். சாலையைவிடப் பாதுகாப்பு என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்குப் பொருந்தும். சிறு விமானங்களின் கதை வேறு: அமெரிக்காவில் ஒரு லட்சம் பறப்பு மணிக்கு ஏறக்குறைய ஓர் உயிரிழப்பு விபத்து நேர்கிறது. பாராசூட் நல்ல கருவிதான். ஆனால் சிரஸ் விமானங்களின் ஆரம்ப ஆண்டுகளில், அதை இழுத்திருக்க வேண்டிய பலர் இழுக்காமலே இறந்தார்கள். எப்போது இழுப்பது என்று பயிற்சியில் அழுத்திச் சொல்லத் தொடங்கிய பிறகே விபத்து விகிதம் இறங்கியது. அந்தப் பாராசூட் தொகுதியை 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்; அது சிறு செலவு அல்ல.

உங்கள் தொழிலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வார இறுதியில் பறந்து போகிறீர்கள். ஞாயிறு மாலை மேகம் இறங்குகிறது. திங்கள் காலை சந்தை திறக்கும்முன் இருக்கையில் இருந்தாக வேண்டும். 1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை மேகத்துக்குள் இருப்பதுபோன்ற சூழலில் சோதித்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. ஆகவே பறப்புக் கணக்கில் 'திரும்பும் செலவு' என்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஓர் இரவு தங்கி, ரயிலிலோ பஸ்ஸிலோ வருவதற்கான பணம் அது. பயணத்துக்கு முன்பே, கணக்கு முடியாமல் திறந்திருக்கும் வர்த்தகங்களை எல்லாம் முடித்துவிட்டால் திங்களின் அவசரமும் பாதி குறையும்.

வர்த்தகக் கணக்கோடு ஒட்டாத தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். ஓர் ஆண்டு முழுவதற்குமான நிலையான செலவில் உங்கள் பங்கு, ஓவர்ஹாலில் உங்கள் பங்கு, பயிற்றுநருடன் பறக்க ஒரு தொகை ஆகிய மூன்றும் அதில் சேரட்டும். குடும்பத்தின் அவசர நிதி இதில் சேராது. கணக்கு நிறைந்தபின் வாங்குவதைப் பேசலாம். அப்போதும் ஒருவர் விலகினாலோ, மருத்துவத் தகுதிச் சான்று இழந்தாலோ அவர் பங்கை யார், எந்த விலைக்கு எடுப்பது என்று எழுதி நால்வரும் கையெழுத்திட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன், இந்த வாரமே உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பயணியாக டிக்கெட் எடுத்துப் போவதைத் தவிர வேறு எந்தப் பறப்பில் இறந்தாலும் பணம் இல்லை என்று பல பாலிசிகள் சொல்கின்றன. உரிமம் பெற்றதை நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாதுகாப்பு உண்டா, கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை வாடகை விமானத்திலும் ஏற வேண்டாம்.