அரசியல் டிசைன் போட்ட ஸ்வெட்டரைப் பரிசாகப் பின்னிக் கொடுக்கலாமா?

கேள்வி: பிரிட்டனில் இருக்கும் தோழிக்கு ஐரோப்பிய ஒன்றியக் கொடியை வைத்து ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்க ஆசை. பிரெக்ஸிட் (பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்டு விலகியது) விஷயத்தில் அவள் கொஞ்சம் தீவிரம். அரசியலைப் பரிசாகக் கொடுப்பது சரியாக இருக்குமா? நட்சத்திரங்களை எப்படிப் பின்னுவது?

பதில்:

தாராளமாகக் கொடுங்கள். அந்த அரசியல் போட்டுக்கொள்கிறவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னுகிறவரின் கருத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்யாண வீட்டுக்கு ஒரு மாமா கறுப்பு சிவப்புக் கரை வேட்டியில் வந்தால், அவர் எந்தக் கட்சி என்று யாரும் விசாரிப்பதில்லை. அதே மாமாவுக்கு நடுவில் வெள்ளையும் சேர்ந்த கரை வேட்டியை யாராவது ஆசை ஆசையாக எடுத்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? வாங்கி வைத்துக்கொள்வார். அலமாரியை விட்டு அது வெளியே வராது. கைப்பின்னல் ஸ்வெட்டருக்கு அந்தக் கதி வந்தால், எத்தனை மாலை நேரத்து உழைப்பு வீண் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில். இதே கொடியை வைத்துப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் நாடு முழுக்க 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். ஸ்காட்லாந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 62 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருப்போம் என்றார்கள். அந்த அம்மா அந்த 62இல் ஒருவர். அவருடைய கணவர் அந்தப் பக்கம். ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. அதற்காக அங்கே சமையல் நிற்கவில்லை, செய்தி நேரத்தில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு இந்த டிசைன் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சமையலறை ஜன்னலில் அந்தக் கொடியின் ஸ்டிக்கர் இருந்தது. கடைக்குப் போகும் துணிப்பையில் பேட்ஜ் குத்தியிருந்தார். ஒருவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது வேறு. அதை ஊரறியச் சொல்லிக்கொள்ள விரும்புகிறாரா என்பது வேறு. உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டாவது. தோழி ஏற்கெனவே பேட்ஜ், கோப்பை, பை என்று எதையாவது வெளியில் காட்டுகிறவர் என்றால் கவலையே இல்லை. போனில் உங்களிடம் மட்டும் பொரிந்து தள்ளுகிறவர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். வேலையையும் பாருங்கள். பிரிட்டனில் அரசு ஊழியர்கள், நீதிபதிகள், பிபிசி போன்ற ஒலிபரப்பு நிறுவனங்களின் செய்திப் பிரிவில் இருப்பவர்கள் பொது இடத்தில் கட்சி கட்டாமல் இருக்க வேண்டியவர்கள்.

இன்னொன்று, இதை முழு ரகசியமாக வைக்காதீர்கள். "நீலத்தில் பின்னட்டுமா, நட்சத்திரம் வைத்தால் போடுவீர்களா?" என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன். உள்ளே இருந்து கணவரின் குரல்: "நட்சத்திரம் இல்லாமல் எனக்கும் ஒன்று!" அவருக்கும் அடுத்த குளிர்காலத்தில் சாதா நீலத்தில் ஒன்று பின்னினேன். சாதா என்பதால் சீக்கிரம் முடிந்தது.

அரசியல் ஸ்வெட்டர் என்றதும் பிரிட்டனில் எல்லோருக்கும் நினைவு வருவது, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சரின் படம்தான். 1975 ஜூன் 4, ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி) நீடிக்கலாமா என்ற முதல் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள். எதிர்க்கட்சித் தலைவராகி நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அப்போதைய ஒன்பது உறுப்பு நாடுகளின் கொடிகளும் போட்ட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆதரவுப் பிரசாரம் செய்தார். 67.2 சதவீதம் பேர் நீடிக்கலாம் என்றார்கள். பிறகு தாட்சர் மாறினார்: 1988இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் அவர் பேசிய பேச்சு, ஐரோப்பிய ஒருங்கிணைப்பை எதிர்த்தவர்களுக்கு வேதவாக்காகிவிட்டது. ஆனால் அந்த ஸ்வெட்டர் படம் அவரை விடவில்லை. பிரெக்ஸிட் சண்டையிலும் அதைத் தேடி எடுத்துப் போட்டார்கள்.

பின்னுகிறவள் கண்ணோடு அந்தப் படத்தைப் பார்த்தால் வேறொரு வேடிக்கையும் தெரியும். பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், அயர்லாந்து எல்லாம் நெட்டுக்குத்தான மூன்று பட்டைகள், சுலபம். அதிலும் இத்தாலிக்கும் அயர்லாந்துக்கும் கடைசிப் பட்டை சிவப்பா ஆரஞ்சா என்பதுதான் வித்தியாசம். நெதர்லாந்துக்கும் லக்சம்பர்கிற்கும் நீலத்தின் அடர்த்திதான் பெரிய வித்தியாசம், அதற்காக இரண்டு நீல நூல் தேட வேண்டும். டென்மார்க்கின் சிலுவையைக்கூடச் சமாளித்துவிடலாம். உயிரை வாங்குவது பிரிட்டனின் சொந்தக் கொடி. அந்தக் குறுக்குக் கோடுகளைச் சின்ன அளவில் கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையம்) கணக்குக்குள் அடக்குவது பெரும்பாடு. உங்கள் தோழி நகைச்சுவை தெரிந்தவர் என்றால், இந்த ஒன்பது கொடி டிசைனையே பின்னிக் கொடுக்கலாம். புரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தலைவர்களின் முகத்தை மட்டும் தொடாதீர்கள். ஒரு முகத்துக்குக் குறைந்தது நாலைந்து சாயல் நூல் வேண்டும். மூக்கில் ஒரு கண்ணி தள்ளிப் போனாலும் ஆள் மாறிவிடுவார். அதோடு, நல்ல கம்பளி இருபது வருஷம் தாங்கும். எந்தத் தலைவர் மேல் இருபது வருஷம் மதிப்பு மாறாமல் இருக்கும்?

வெறும் நிறமே பேசுவதும் உண்டு. நார்வே ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது மக்கள் சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். 1942 பிப்ரவரியில் டிரான்ட்ஹெய்ம் நகரில் அந்தக் குல்லாயையே தடை செய்தார்கள். அதில் ஒரு எழுத்து கிடையாது, படம் கிடையாது. பரிசு என்று பார்த்தால் 2017 ஜனவரி 21இல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணியைச் சொல்ல வேண்டும். பேரணிக்குப் போக முடியாத பலர் பூனைக்காது வைத்த இளஞ்சிவப்புக் குல்லாய்களைப் பின்னி, போகிறவர்களுக்குக் கொடுத்தார்கள்.

சரி, இப்போது ஊசியை எடுப்போம்.

கொடியின் கணக்கு முதலில். 1955இல் ஐரோப்பிய கவுன்சில் என்ற தனி அமைப்பு ஏற்றுக்கொண்ட கொடி இது. பிற்பாடு 1980களில் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகமும் எடுத்துக்கொண்டது. 12 நட்சத்திரத்துக்கும் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. பிரிட்டன் போன பிறகும் 12தான். டோவர் துறைமுகத்துப் பக்கம் 2017 மே மாதம் ஒரு சுவரில், பெயரை மறைத்துச் சுவரோவியம் வரையும் பாங்க்ஸி வரைந்த ஓவியத்தில், ஏணியில் நிற்கும் தொழிலாளி ஒரு நட்சத்திரத்தை உளியால் கொத்திக்கொண்டிருப்பார். பிறகு 2019இல் யாரோ அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அதை மனதில் வைத்து 11 நட்சத்திரம் பின்னுகிறவர்கள் உண்டு, ஆனால் பார்க்கிறவர்கள் நீங்கள் எண்ணத் தெரியாமல் விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

நட்சத்திரங்கள் கடிகாரத்தின் மணி எண்களைப் போல வட்டமாக நிற்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முனை நேர் மேலே பார்க்க வேண்டும். வட்டத்தோடு சேர்த்துத் திருப்பிவிடக் கூடாது, அதுதான் விதி. பெரிய வட்டத்தின் ஆரம், ஒரு நட்சத்திரத்தின் ஆரத்தைப் போல 6 மடங்கு. ஆக, ஸ்வெட்டரின் முன்பக்கத்தில் 12 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் நட்சத்திரத்தின் ஆரம் 2 செ.மீ.

நடுத்தர கனத்து நூலில் (டி.கே. என்று போட்டிருக்கும்) 4 மி.மீ. ஊசியில் எனக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வந்தது. கண்ணியின் அகலம் உயரத்தைவிட அதிகம் என்பதால் சாதாரணக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்தால் படம் சப்பையாகிவிடும். குறுகலான செவ்வகக் கட்டங்கள் போட்ட பின்னல் கிராஃப் தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கட்டம் படுத்தவாக்கில் இருக்கும்படி அச்செடுங்கள்.

இந்த அளவுக்கு ஒரு நட்சத்திரம் 9 கண்ணி அகலம், 11 வரிசை உயரம். கீழிருந்து மேலே, மஞ்சள் இப்படி வரும்: முதல் வரிசையில் 1, நடுவில் 3 நீலம், மறுபடி 1. இரண்டாவதில் 2, நடுவில் 1 நீலம், மறுபடி 2. அடுத்த மூன்று வரிசையிலும் 5. பிறகு 7. பிறகு 9, இதுதான் இரண்டு கை முனைகள். அங்கிருந்து சட்டென்று 3க்கு இறங்கி, கடைசி மூன்று வரிசையும் ஒற்றைக் கண்ணி. கிட்டப் பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும். மூன்றடி தள்ளி நின்றால் நட்சத்திரம்.

இடம் குறிக்க: வட்டத்தின் மையத்திலிருந்து 12 மணி நட்சத்திரம் 36 வரிசை மேலே. 1 மணி நட்சத்திரம் 31 வரிசை மேலே, 13 கண்ணி பக்கவாட்டில். 2 மணி நட்சத்திரம் 18 வரிசை மேலே, 23 கண்ணி பக்கவாட்டில். 3 மணி நட்சத்திரம் மையத்தின் மட்டத்திலேயே, 26 கண்ணி தள்ளி. மற்ற பக்கங்களுக்கு இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மொத்த அகலம் ஏறக்குறைய 28 செ.மீ., பெரியவர்கள் ஸ்வெட்டரில் வசதியாக உட்காரும். வட்டத்தை ரொம்பச் சிறிதாக்காதீர்கள், நட்சத்திரத்தின் முனைகள் காணாமல் போய்விடும்.

எந்த முறையில் பின்னுவது? இரண்டு நூலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிற முறை இதற்கு ஒத்துவராது. வட்டத்தின் நடுவில் மஞ்சள் நூல் பின்பக்கம் நீளநீளமாகத் தொங்கி, மாட்டும்போது விரலில் சிக்கும். இன்டார்சியா, அதாவது ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் தனி நூல் வைத்துப் பின்னுவது, நடக்கும். ஆனால் 11, 12, 1 மணி நட்சத்திரங்கள் சில வரிசைகளில் ஒன்றாக வரும். அங்கே மூன்று மஞ்சள், நாலு நீலம் என்று ஏழு நூல் தொங்கும். நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூலையும் பின்பக்கம் முறுக்கிக்கொள்ளாவிட்டால் ஓட்டை விழும்.

நான் சொல்வது ஸ்விஸ் டார்னிங். முழு ஸ்வெட்டரையும் சாதா நீலத்தில் பின்னி முடித்துவிட்டு, மழுங்கிய முனை ஊசியில் மஞ்சள் நூல் கோத்து, ஏற்கெனவே இருக்கும் கண்ணியின் மேலேயே இன்னொரு கண்ணி வரைவது. 'வி' போல இருக்கும் கண்ணியின் அடிமுனையில் ஊசியை வெளியே எடுத்து, அதற்கு மேலே இருக்கும் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் நுழைத்து, மறுபடி அதே அடிமுனையில் உள்ளே விட வேண்டும். இறுக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் மஞ்சளுக்கு அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்க்கும். குன்னூரில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த முறைதான். அவர் அதில் வாத்தும் காளானும் தவிர எதையும் போட்டதில்லை.

அரசியல் டிசைனுக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரித்துவிடலாம். கருத்து மாறினாலும், வேலை மாறினாலும், சண்டையே ஓய்ந்து போனாலும் மஞ்சளை உருவினால் நல்ல நீல ஸ்வெட்டர் கையில் இருக்கும். தாட்சருடையதில் இப்படிச் செய்திருக்கலாம்தான், ஆனால் புகைப்படத்தில் தையல் பிரிக்க முடியாதே.

நூல் வாங்கும்போது கொடியின் நீலம் கருநீலம் இல்லை, ராயல் ப்ளூவுக்குக் கிட்டத்தில் வரும் என்பதைக் கவனியுங்கள். டி.கே. நூலில் பெரியவர் அளவுக்கு 1,200 மீட்டராவது வேண்டும்; ஒரே சாய லாட் நம்பரில் எல்லாக் கண்டுகளையும் சேர்த்து எடுங்கள். மாதிரித் துண்டில் ஒரு நட்சத்திரம் போட்டு, கண்டிப்பாகத் துவைத்துப் பாருங்கள். நீலம் சாயம் விட்டால் மஞ்சள் பாசிப் பச்சையாகிவிடும். மிச்ச மஞ்சள் நூலில் ஒரு சின்ன உருண்டையைப் பரிசோடு வைத்துவிடுங்கள், முழங்கையும் கைப் பார்டரும் போல நட்சத்திர முனைகளும் சீக்கிரம் தேயும்.

எப்போது கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஜனவரி 31, பிரிட்டன் 2020இல் அதிகாரபூர்வமாக வெளியேறிய நாள், பொருத்தமாகத் தோன்றும். அன்றைக்கு வேண்டாம், அந்தத் தேதியில் அவர்களுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். பிறந்தநாளுக்குக் கொடுங்கள், அதுவும் அக்டோபர், நவம்பர் என்று குளிர் தொடங்கும் சமயமாக இருந்தால் அன்றே போட்டுக்கொள்வார்.