சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண், காய்ச்சல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பற்றித்தான். பலருக்குத் தொண்டை வலியோடு போய்விடும். ஆனால் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை என்று ஏற்கெனவே ஏதாவது இருப்பவர்களுக்கு இது ரத்தத்திலோ தசையிலோ இறங்கிவிட்டால் மணிக்கு மணி நிலைமை மாறும்.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, தேயிலை பறிக்கப் போகிறார். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகி, கால் வீங்கி, குளிர்காய்ச்சல். அக்கி என்று காவி பூசியிருக்கிறோம். இரண்டு நாள் பார்க்கலாமா? (கோத்தகிரி)

வேண்டாம், இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். அக்கி வைரஸால் வருவது, உடம்பின் ஒரு பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போடும். நீங்கள் சொல்வது செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதன் அடிச்சதையிலும் பரவும் கிருமித் தொற்று போல இருக்கிறது. காவியைக் கழுவிவிடுங்கள், டாக்டருக்குத் தோல் தெரிய வேண்டும். கிளம்பும் முன் சிவப்பு முடிகிற ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே மணியையும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் எவ்வளவு வேகம் என்று பார்த்ததும் புரிந்துவிடும். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாமலும் போகும், அப்போது புறங்கையை வைத்துப் பாருங்கள், அந்த இடம் சுடும், கெட்டியாக இருக்கும். தொற்று வந்தால் சர்க்கரை எகிறும், அதனால் அம்மா சாப்பிடவில்லை என்று இன்சுலினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

அப்பாவுக்குத் தொடையில் தாங்க முடியாத வலி, காய்ச்சல். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. சுளுக்கு என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். (குன்னூர்)

எனக்கு அதிகம் பயம் தருவது இந்தக் கடிதம்தான். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், வலி மட்டும் உயிர் போகிற அளவு என்றால் தோலுக்கு அடியில் சதை அழுகத் தொடங்கியிருக்கலாம். நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். அப்புறம் தோல் கருநீலமாகும், கொப்புளம் வரும், வலித்த இடமே மரத்துப்போகும், ஆள் குழம்பிப் பேசுவார், சிறுநீர் குறையும். அதுவரை காத்திருக்கக் கூடாது. வலி மாத்திரை காய்ச்சலையும் வலியையும் மறைத்து நம்மை ஏமாற்றிவிடும். இதற்கு ஆபரேஷன் செய்து அழுகிய சதையை எடுத்தாக வேண்டும், மருந்து மட்டும் போதாது. இப்படிச் சதையை அழுக வைக்கக்கூடிய ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றைக்கும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. கூடவே கிருமி நஞ்சு சுரப்பதைக் குறைக்க கிளிண்டாமைசின் கொடுப்பார்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐ இப்போதே கூப்பிடுங்கள். மழை நேரத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது.

தம்பிக்கு சிக்கிள் செல் நோய். வளர்ந்தவர்களுக்கும் தடுப்பூசி உண்டா? (கூடலூர்)

உண்டு, அவசியம் போட வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் இது, 1952-லேயே நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் பதிவானது. இந்த நோயில் மண்ணீரல் மெல்ல மெல்லச் செயலிழந்துவிடும். ரத்தத்தில் நுழையும் நிமோகாக்கஸை (நிமோனியா வரவைக்கும் கிருமி) வடிகட்டுவது அந்த மண்ணீரல்தான். நிமோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம்தான். இந்த நிமோகாக்கஸுக்கான தடுப்பூசியைத்தான் சொல்கிறேன், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு, இதுவரை போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஊசி போட்டிருந்தாலும் சரி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

ஏ பிரிவு இருமல், தும்மல், புண் நீர் வழியாகப் பரவலாம். ஆனால் கூட இருப்பவர்களில் மிகச் சிலருக்கே கடுமையாக வரும். ஒரு மாதம் வரை காய்ச்சல், தொண்டை வலி, தோல் சிவப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு மழைக்கும் அதே கால் வீங்குகிறது. (கொடைக்கானல்)

கால்விரல் இடுக்கைப் பாருங்கள். நாள் முழுக்க ஈர பூட்ஸுக்குள் இருந்தால் சேற்றுப்புண் வரும், கிருமிக்கு அந்த வெடிப்பே வாசல். இடுக்கைத் துடைத்து உலர்த்தி, பூஞ்சைக்கான களிம்பு போடுங்கள்; பித்தவெடிப்பையும் விட்டுவைக்காதீர்கள். அதற்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால், மாதக்கணக்கில் குறைந்த அளவு பெனிசிலின் கொடுத்துத் தடுக்கும் முறை இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் அதை நேரடியாகவே கேளுங்கள்.