ஒரே பாத்திரம், இரண்டு வெப்பநிலை: எதை நம்புவது?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுப் பொருள்களின் வெப்பநிலையை அளந்து அட்டவணை போட்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக, துப்பாக்கி போலிருக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். சுடுதண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பக்கம் காட்டினால் 38 டிகிரி செல்சியஸ் என்கிறது. அதே தண்ணீருக்குள் கண்ணாடித் தெர்மாமீட்டரை விட்டால் 74. விற்றவரிடம் கேட்டால், "காலிபரேஷன் போயிருக்கும், அனுப்பிவையுங்கள், கட்டணம் உண்டு" என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். கட்டணமும் கட்டாதீர்கள். உங்கள் கருவி பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளி விழாமல் அழுத்தி ஒட்டுங்கள். ஒரு நிமிடம் விட்டு, டேப்புக்கு மிக அருகில் வைத்து அளந்து பாருங்கள். 70-ஐ ஒட்டிய எண் வரும். வந்துவிட்டால் விற்றவரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

ஏன் இப்படி என்று பையனுக்குச் சொல்ல வேண்டுமே. எந்தப் பொருளிலும் அணுக்களும் மூலக்கூறுகளும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. அந்த அசைவின் சராசரி ஆற்றல் எவ்வளவு என்பதைத்தான் வெப்பநிலை காட்டுகிறது. அந்த அசைவை நேரடியாகப் பார்க்கும் தெர்மாமீட்டர் எதுவும் வீட்டிலோ பள்ளியிலோ கிடையாது. சூட்டினால் மாறுகிற வேறு ஒன்றைப் பார்த்துத்தான் எல்லாமே எண் சொல்கின்றன. கண்ணாடிக் குழலில் திரவம் விரிகிறது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் கருவியின் நுனியில் உள்ள சிறு மணியில், சூடு ஏற ஏற மின்தடை குறைகிறது. இந்த இரண்டும் தம்முடைய நுனியின் வெப்பநிலையை மட்டுமே சொல்லத் தெரிந்தவை. நுனியும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதனால்தான். பள்ளித் தெர்மாமீட்டரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் படிக்கக் கூடாது. எடுத்த கணமே அளவு இறங்கத் தொடங்கிவிடும்.

துப்பாக்கி தொடுவதே இல்லை. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. சூடு கூடினால் கதிரும் கூடும். வந்து சேரும் கதிரை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுவதுதான் அதன் வேலை. தோல், மரம், துணி, காகிதம், சுவர், தண்ணீர் ஆகியவற்றில் இந்தக் கணக்கு சரியாகவே வரும். சிக்கல் பளபளக்கும் உலோகத்தில்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மெருகேறிய எவர்சில்வர், அதே சூட்டிலுள்ள மங்கலான பரப்போடு ஒப்பிட்டால், மிகக் குறைவான கதிரையே தானாக வெளியிடும். துப்பாக்கிக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி சுற்றியுள்ள சுவரும் உங்கள் உடம்பும் அனுப்பி, பாத்திரத்தில் பட்டுத் திரும்பிய கதிர். கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்துவிட்டு, அது கண்ணாடியின் முகம் என்று சொல்வதற்கு ஒப்பானது அந்த 38. மலிவான கருவிகள் பலவற்றில், எதிரே இருப்பது மங்கலான பரப்பு என்று எண்ணிக் கணக்கிடும்படி முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். மாற்றும் வசதியே இருக்காது. உலோகம் என்றாலே ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். துரு ஏறிய இரும்பு, கரி பிடித்த பாத்திரத்தின் அடி, பெயின்ட் அடித்த கதவு இவற்றில் பிரச்சினை இல்லை. வெள்ளைப் பெயின்ட்கூடச் சரிதான். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது இந்தக் கதிருக்கும் வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. அலுமினியத் தாள்தான் எல்லாவற்றிலும் மோசம்.

கண்ணாடி டம்ளர் வழியாக உள்ளே இருப்பதை அளக்கவும் முயல வேண்டாம், டம்ளரின் வெளிப்பரப்பு அளவுதான் வரும். துப்பாக்கி வீசும் சிவப்பு லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டும். கருவியில் 12:1 என்று போட்டிருந்தால், 12 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. அகல வட்டத்தை அளக்கிறது என்று பொருள், 60 செ.மீ. தள்ளி நின்றால் வட்டம் 5 செ.மீ. ஆகி, பக்கத்தில் இருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது விற்பனையாளர்கள். காலிபரேஷன் என்றால், பிழை எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு தரக் கருவியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துவைப்பது. கருவியைக் கண்ணால் பார்க்காமலே "போயிருக்கும்" என்பவர் அதைச் செய்யப்போவதில்லை. கூடவே தரும் சான்றிதழிலும் உங்கள் கருவியின் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். இதைவிட ஆபத்தானது, பொருள்களை அளக்கும் துப்பாக்கியைக் காய்ச்சல் பார்க்கவும் ஆகும் என்று விற்பது. அதில் 2 டிகிரி வரை பிழை சகஜம். காய்ச்சலில் 1 டிகிரியே பெரிய விஷயம். உடம்புக்கென்று செய்த கருவி, நெற்றித் தோல் உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதற்காக ஒரு திருத்தத்தைச் சேர்த்து எண் காட்டுகிறது. அதனால் அதைக் கொண்டு பாத்திரத்தை அளப்பதும் தவறு. "போனை வைத்தால் அறையின் வெப்பநிலை தெரியும்" என்கிற செயலிகளில் பெரும்பாலானவை வானிலைத் தகவலையோ பேட்டரியின் சூட்டையோதான் காட்டுகின்றன.

இன்னொன்று, காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டரைச் சுடுதண்ணீரில் விட யாரையும் அனுமதிக்காதீர்கள். அதன் அளவு 42-ஓடு முடிகிறது. 74-ல் வெடித்துப் பாதரசம் சிதறும்.

பள்ளிகள் மீது எனக்குக் கோபம் உண்டு. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தைப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். கருவியை எங்கே காட்டுவது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 'அளந்து வா' என்று அனுப்பிவிட்டு, புத்தகத்தில் உள்ள எண் வரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். உண்மையாக அளந்து எழுதிய பிள்ளைதான் இதில் அடிபடுகிறது. உங்கள் மகன் 38-ஐ அழிக்க வேண்டாம். அட்டவணையில் 'எந்தக் கருவி', 'எப்படிப்பட்ட பரப்பு' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து, 38, டேப்பின் மேல் வந்த எண், 74 மூன்றையும் எழுதட்டும்.

கண்ணாடித் தெர்மாமீட்டரைச் சோதிக்க, நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி நுனியை அமிழ்த்துங்கள். 0-ஐ ஒட்டி நிற்க வேண்டும். சுடுதண்ணீர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். சிவப்புப் புள்ளி யார் கண்ணிலும் படக் கூடாது. பளபளக்கும் பாத்திரத்தில் பட்டு அது திரும்பியும் வரும்.