பஸ் கூட்டத்தில் வைஃபை கார்டு பணம் போகுமா? கார்டா, போனா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற செவிலியர். திருமங்கலத்தில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ்ஸில் மதுரைக்கு வந்து போவேன். வங்கியில் புதிதாக வைஃபை கார்டு கொடுத்திருக்கிறார்கள். "கூட்டத்தில் பையோடு மெஷினை ஒட்டினாலே பணம் போய்விடும், அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் போனிலேயே செய்யுங்கள்" என்கிறார் மருமகன். போனில் ஏமாந்தவர்கள் கதையும் நிறையக் கேட்கிறேன். நான் எதை வைத்துக்கொள்வது?

பதில்: அம்மா, கார்டைக் கத்தரிக்க வேண்டாம், போனையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பென்ஷன் விழும் கணக்கு, கார்டு, ஜிபே மூன்றும் ஒரே கணக்கில்தானே ஓடுகின்றன? நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். எனக்குக் கவலை தருவது அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் பஸ் பயத்தைப் பார்ப்போம்.

வைஃபை கார்டு என்று நாம் சொன்னாலும் அதில் வைஃபை கிடையாது. உள்ளே இருக்கும் சிப்பும் மெல்லிய ஆன்டெனாவும் மெஷினுக்கு மிக அருகில் வந்தால்தான் உயிர் பெறும். சுமார் 4 சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். கடையில் தட்டும்போதே சில சமயம் 'இன்னொரு தடவை வையுங்க' என்கிறார்களே, அந்த அளவுக்கு நெருக்கம் வேண்டும். பையில் இரண்டு கார்டுகள் ஒட்டி இருந்தால் மெஷின் குழம்பிப் போவதும் உண்டு. ஒவ்வொரு தட்டலுக்கும் சிப் புதிதாக ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்குகிறது. அதை ஒருவன் காற்றில் பிடித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. அப்புறம், அந்த மெஷின் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். ஆதார், பான் எல்லாம் கொடுத்துத்தான் அந்த மெஷினை வாங்க முடியும். தன் முகவரியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுத் திருட வருபவன் அரிது. பஸ்ஸில் மெஷினை ஒட்டுவது முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதற்காகக் கார்டை வெட்டிப் போடும் அளவுக்கு அது பெரிய ஆபத்து இல்லை.

உண்மையான ஆபத்து, பையே தொலைந்துபோவது. 2021 ஜனவரி 1 முதல் ஒரு தட்டலுக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. அதற்கு முன் இந்த வரம்பு 2,000-மாக இருந்தது. பர்ஸை எடுத்தவன் பெட்ரோல் பங்கிலும் கடையிலும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகலாம். நான் வங்கிக் கிளையில் இருந்த காலத்தில் ஒரு அம்மா மாலையில் பர்ஸைத் தொலைத்துவிட்டு, 'காலையில் பேங்கில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டார். மறுநாள் கவுன்டரில் அவர் நீட்டிய போனில் வரிசையாக நான்கு எஸ்.எம்.எஸ். கடைசி மூன்றும் அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு வந்தவை. இரவே போன் செய்து கார்டை முடக்கியிருந்தால் அந்த மூன்றும் நடந்திருக்காது. அவர் முகம் இன்றும் என் மனதில் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

போன் தொலைந்தால் கதை வேறு. போனுக்குப் பூட்டு, அதைத் தாண்டினாலும் யு.பி.ஐ. பின். ஆகவே திருட்டு என்று பார்த்தால் போன்தான் பத்திரம். பின் கேட்காத யு.பி.ஐ. லைட்டை வைத்திருந்தால், அதில் போட்டு வைத்த தொகைக்குத்தான் ஆபத்து. அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் அதில் வைக்க முடியும். போன் போனால் சிம்மையும் உடனே முடக்கச் சொல்லுங்கள்.

ஆனால் போனில் பணம் போவது பெரும்பாலும் நம் கையாலேயே. 'பென்ஷன் அரியர் வந்திருக்கு, வாங்கிக்கொள்ள பின் போடுங்கள்' என்பான். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை, அம்மா. பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது என்று பொருள். 'வங்கியிலிருந்து பேசுகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் திரையை அவன் பார்க்கத்தான் அந்த ஆப்.

சரி, மதுரைக்குள் எதை எங்கே எடுப்பது? மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கினாலும், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தாலும், ஸ்கேன்தான். பூக்காரம்மா ஈரக்கையால் பூவை அளந்துகொண்டே சவுண்ட் பாக்ஸ் சொல்லும் தொகையைக் காதில் வாங்கிக்கொள்கிறார். அந்தக் குரல் வரும் வரை நீங்களும் நகராதீர்கள். கடையின் க்யூ.ஆர். மேல் வேறொருவன் தன் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாசி வீதி ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்கில் கார்டு எளிது. கார்டைக் கடைக்காரர் கையில் கொடுக்காதீர்கள். மெஷினில் தொகையைப் படித்துவிட்டு நீங்களே தட்டுங்கள். 500 ரூபாய்க்கு 5,000 என்று அடிபடுவதுகூட அவசரத்தில் நடக்கிறது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் நாளை மறந்துவிடாதீர்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, உள்ளே கைபேசிக்குத் தடை. குடும்பத்தார் போன் எல்லாம் ஒரு டோக்கனில் வெளியே இருக்கும், டோக்கன் ஒருவர் கையில் இருக்கும். கூட்டத்தில் பிரிந்து வேறு கோபுர வாசல் வழியாக வந்துவிட்டால் ஒரு டீக்குக்கூட வழியில்லை. அன்று பையில் கார்டும் ஒரு 500 ரூபாய்த் தாளும் இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். ஜனம் கூடும் இடத்தில் சிக்னல் திணறும். கார்டு மெஷினும் சிம் போட்டுத்தான் ஓடுகிறது, அதுவும் திணறும்.

அப்படித் திணறிப் பணம் கழிந்து, கடைக்குப் போய்ச் சேராவிட்டால் பதற வேண்டாம். கடைக்கு யு.பி.ஐ.-யில் அனுப்பியதோ கார்டில் தட்டியதோ, 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனி நபர் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளே. தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இப்போது கணக்கு விஷயம். பென்ஷன் கணக்கு அப்படியே இருக்கட்டும், அதை எந்த ஆப்பிலும் சேர்க்காதீர்கள். ஏற்கனவே சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்து, ஜிபே-யையும் வெளியே எடுத்துப் போகும் கார்டையும் அதோடு மட்டும் இணையுங்கள். மாதச் செலவுக்கு என்ன வேண்டுமோ, எட்டாயிரமோ பத்தாயிரமோ, அதை மட்டும் ஒன்றாம் தேதி மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டுத் திறங்கள். பிறகு பஸ்ஸில் யார் எதை ஒட்டினாலும், போனில் யார் எப்படிப் பேசினாலும், போவது அந்தப் பத்தாயிரத்துக்குள்தான்.

பென்ஷன் கணக்கின் கார்டை வீட்டில் பூட்டி வையுங்கள், அதில் தட்டும் வசதியை நிறுத்தியும் வையுங்கள். 2020 அக்டோபர் முதல் கார்டின் ஒவ்வொரு வசதியையும் நாமே போடவும் அணைக்கவும், வரம்பைக் குறைக்கவும் வங்கிகள் வழி செய்திருக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு பகுதியில் பாருங்கள், பிடிபடாவிட்டால் கிளையில் கேளுங்கள். புதுக் கார்டு தட்டினால் வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதும் இதனால்தான். அந்த வசதி அணைத்த நிலையிலேயே வந்திருக்கும். செலவுக் கணக்குக் கார்டில் மட்டும் அதைப் போட்டு, ஒரு நாளுக்கு 2,000 என்று வரம்பு வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வங்கியின் கார்டு முடக்கும் எண், சைபர் மோசடிப் புகார் எண் 1930, இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். வங்கியில் புகார் பதிவான பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்று 2017 விதி சொல்கிறது, அதனால் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பணம். தாளைக் கார்டு இருக்கும் பர்ஸுக்குள் வைக்காமல் சாப்பாட்டுக் கூடையிலோ கண்ணாடிக் கூட்டிலோ வையுங்கள். பர்ஸும் போனும் ஒன்றாகப் போனாலும், பெரியார் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவரிடம் போன் வாங்கி அங்கேயே நின்று பேசிவிடலாம்.