பதில்: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அல்கோன்குவின், போர்டேஜ் சமாளிக்க முடியுமா?

எட்டும் ஐந்தும் வயதுப் பிள்ளைகளோடு கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் கேனோ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குத் துடுப்புப் படகில் போகிறோம், நடுவில் படகையும் மூட்டைகளையும் எப்படிச் சுமப்பது என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், அந்தப் போர்டேஜ், அதாவது இரண்டு ஏரிகளுக்கு நடுவே படகைச் சுமந்து நடக்கும் பாதை, 300 மீட்டர்கூட வராது. ஒரே நடையில் முடிக்க மட்டும் பார்க்காதீர்கள். முதல் நடையில் எல்லாருமாக மூட்டைகளோடு போங்கள். அப்புறம் ஒருவர் பிள்ளைகளோடு அந்தக் கரையில் இருக்க, மற்றவர் திரும்பிவந்து படகை எடுக்கட்டும். கெவ்லர் என்ற லேசான இழையால் செய்த படகாக வாடகைக்கு எடுத்தால் கிட்டத்தட்ட 20 கிலோதான், ஒருவரே தோளில் கவிழ்த்துக்கொள்ளலாம். சின்னவரிடம் ஒரு துடுப்பைக் கொடுங்கள். என் மகன் அதைத் தரையில் இழுத்தபடி, தவளை கண்ட இடத்திலெல்லாம் நின்று நின்றுதான் வந்தான், சரி, அவசரமென்ன.

பூங்காவின் உட்பகுதி ஏரிகளுக்கு டின், கண்ணாடிப் போத்தல் கொண்டுபோகக் கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். முன்பதிவு ஏரிக்குத்தான், குறிப்பிட்ட இடத்துக்கு அல்ல. ஆரஞ்சுப் பலகை உள்ள காலி இடம் எதுவோ அதில் கூடாரம் போட வேண்டியதுதான். அதனால் காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் கேனோ ஏரியில் காற்று எழும்பினால் துடுப்புப் போடுவது பெரும்பாடு. இரவில் சாப்பாட்டுப் பையைத் தள்ளியிருக்கும் மரத்தில் உயரக் கட்டுங்கள். பற்பசையும் அதற்குள்ளேதான், கரடிக்கு அந்த வாசனையும் பிடிக்கும்.