மகளுக்கு சென்னையில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் பாஸ்கெட்பால் ஸ்போர்ட்ஸ் சீட் தருகிறார்கள், சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த கோர்ட் ஓரமாகப் போய் நின்று பாருங்கள்.

நானும் அப்படி ஒரு சீட்டில் படித்தவள்தான். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாமே. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிமென்ட் கோர்ட். நாலரையிலிருந்து ஆறரை வரை பையன்கள், அப்புறம் நாங்கள். ஏழு மணிக்கு லேடீஸ் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஷூ லேஸ் கட்டி, வார்ம்-அப் முடித்து, நாலு லே-அப் போடுவதற்குள் வார்டனிடமிருந்து போன் வந்துவிடும்.

பந்து விஷயம் இன்னும் மோசம். ஆண்கள் ஆடுவது 7-ஆம் நம்பர் பந்து, பெண்கள் ஆடுவது 6-ஆம் நம்பர். சுற்றளவில் ஓர் அங்குலம் சின்னது, எடையும் 50, 60 கிராம் குறைவு. எங்கள் ஸ்டோர் ரூமில் இருந்ததெல்லாம் 7 தான். பையன்கள் ஆடித் தேய்ந்து வழவழவென்று ஆன பந்துகள் எங்களுக்கு வரும். முதல் வருடம் முழுக்க அதிலேயே ஆடிவிட்டு தென்மண்டலப் போட்டிக்குப் போனால், அங்கே கையில் 6-ஐக் கொடுத்தார்கள். என் முதல் ஃப்ரீ த்ரோ ரிங்கைத் தொடவே இல்லை, போர்டில் மோதித் திரும்பி வந்தது. எதிர் டீம் பெண் சிரித்தே விட்டாள். எட்டே பேரோடுதான் போயிருந்தோம். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, மூன்று பேர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே. கடைசி இரண்டு நிமிடம் நாலு பேரை வைத்து ஆடித் தோற்றோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் சேர்க்கச் சொல்கிறேன்? சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் இணைப்புக் கல்லூரிகள் ஏராளம். கல்லூரி டீமில் நன்றாக ஆடி, அதற்கு மேல் பல்கலைக்கழக செலக்ஷனிலும் தேறினால்தான் அந்த ஜெர்சி கிடைக்கும். சின்ன இடத்தில் கல்லூரி டீமே பல்கலைக்கழக டீம். முதல் வருடமே பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் இறங்கிவிடலாம், பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. அங்கே ஆடியதற்குத் தரும் சான்றிதழுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகளில் மதிப்பு உண்டு. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. இந்திய அணி கேப்டனாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை நம்ம சென்னைக்காரர்தான், தெற்கு ரயில்வே.

பி.டி. சாரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் “இருக்கும்மா” என்பார். அதனால் டீமில் ஆடும் பெண்களையே தனியாகக் கேளுங்கள். எந்த நேரம் கோர்ட் கிடைக்கிறது, மேட்சுக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே வருகைப்பதிவு) ஒழுங்காகப் போடுகிறார்களா, காலில் அடிபட்டு ஒரு வருடம் ஆட முடியாவிட்டால் கட்டணச் சலுகை தொடருமா போய்விடுமா. கடைசியாகச் சொன்னதை மட்டும் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி என் ரூம்மேட் மூன்றாம் வருடம் முழு ஃபீஸும் கட்டினாள்.

அப்படியே ஸ்டோர் ரூமையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பந்தின் மேல் 6 என்று அச்சிட்டிருக்கும். ஆறேழு பந்தாவது இருந்தால் சரி.